ஊருணிக்குள் ஒரு கபடி ஆட்டம்

என் தலைவிக்கு,

காலைக் கழுவ மனசே வரவில்லை. விடிந்ததும் ஊருணியைப் பார்த்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். பாதமெல்லாம் களி. மழையில் ஊறிய அந்தக் களிமண் வாசம் மூக்கில் ஏறியதும் உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று ஓர் அவசரம். கை தானாகப் போனை எடுத்து உன் நம்பரைத் தேடிவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது என்பது பிறகுதான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன். என்ன செய்தி என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். உன்னைக் காக்க வைப்பதில் எனக்கு அப்போதிருந்தே ஒரு சுகம்.

பதினொன்றாம் வகுப்பில் நடந்த மாணவர் தலைவர் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? நான் கபடி டீம் கேப்டன். பள்ளிக்கூடமே என் பின்னால் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயோ காலையில் மைக்கில் செய்தி வாசிக்கும் ஒல்லிக்குச்சி. ஜெயித்தது நீ. சட்டையில் பேட்ஜைக் குத்திக்கொண்டு நேராக என் பெஞ்சுக்கு வந்தாய்.

"செல்வி, நீதான் துணைத் தலைவி. என்ன சொல்ற?"

"மாட்டேன்."

"அவசரமில்லடி. யோசிச்சுச் சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றவளுக்கு ஆறுதல் பரிசா? ஆனாலும் நீ அழைத்த இடத்துக்கெல்லாம் வந்தேன். வரமாட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

அந்த ஆடியில் பள்ளிக்குப் பின்னால் இருந்த ஊருணி வற்றிக் கிடந்தது. ஊருக்கும் நமக்கும் குடிதண்ணீர் அதுதான். தூர் வாருவோம், கரையெல்லாம் மரம் வைப்போம் என்று நீ பசுமைப் படையைத் திரட்டினாய். சனிக்கிழமை தவறாமல் இறங்கினோம். பாலித்தீன் பை, கருவேல முள், சேறு எல்லாம் போய் அதற்கடியில் கருகருவென்று வழவழப்பாக ஒரு மண் வந்தது. கன்றுகளுக்கு இதைவிட நல்ல மண் எங்கே கிடைக்கும்? சட்டி சட்டியாகக் கரையில் ஏற்றினோம். சிவப்புச் சரளை தெரியும்வரை விடவில்லை. கரை முழுக்கப் புங்கனும் வேம்பும் நாவலும் வைத்துவிட்டு வரிசையாக நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஊருணிக்குள் முழங்காலளவு தண்ணீர். கை வலிக்கத் தட்டினோம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஈரச் சரளைதான் மினுங்கியது. தண்ணீரைத் தாங்கி நின்றது அந்தக் களிதான். நாம் அதை அக்கறையோடு அள்ளி மரத்துக்குப் போட்டுவிட்டோம்!

பள்ளி கேட்டில் ஊரே கூடிவிட்டது. குடத்தோடு நின்ற ஒரு அம்மா, "ஏத்தா, மரம் வைக்கிறோம்னு எங்க தண்ணியக் குடிச்சுப்புட்டீங்களேத்தா!" என்று சத்தம் போட்டார். அடுத்த மழைக்கும் நிற்காவிட்டால் கோடையில் அவர்கள் எங்கே போவார்கள்? ஹெச்.எம். நம்மைப் பார்த்து, "படையும் வேணாம், மம்பட்டியும் வேணாம். போய்ப் படிக்கிற வழியப் பாருங்க," என்றார்.

நீ முன்னால் போய் நின்றாய். சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைப் பிடித்துக்கொண்டாய். குரல் நடுங்கவில்லை.

"கெடுத்தது நாங்கதான் சார். ஐப்பசி மழைக்குள்ள நாங்களே சரி பண்ணிர்றோம். ஆகலைன்னா பேட்ஜைக் கழட்டிக்கங்க."

எப்படிச் சரி செய்வது என்று உனக்கும் தெரியாது. மறுநாள் பள்ளித் தோட்டத்தில் இரண்டு குழி தோண்டினாய். இரண்டிலும் களியைப் போட்டாய். ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, இன்னொன்றில் ஏறி நின்று மிதி மிதியென்று மிதித்தாய். இரண்டிலும் தண்ணீர் ஊற்றினோம். காலையில் போனால் மிதித்த குழியில் தண்ணீர் அப்படியே நின்றது. நீ என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் உன் முழங்கை என் மூக்கில் இடித்தது. வலித்தாலும் நானும் குதித்தேன்.

ஆனால் களியெல்லாம் கரையில், நம் கன்றுகளின் காலடியில் இருந்தது. கன்றுகளைப் பிடுங்க வேண்டும் என்றதும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். "மரம் எங்கிட்டு வச்சாலும் வளரும்டி. தண்ணி இங்கிட்டு மட்டுந்தான் நிக்கும்," என்று சொல்லி முதல் கன்றை நீயே வேரோடு எடுத்தாய். உன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எல்லாவற்றையும் பள்ளிச் சுவர் ஓரமாக மாற்றி வைத்தோம். ஊருணிக் கரை மூலையில் ஒரு புங்கனை மட்டும் விட்டுவைத்தாய்.

களியைப் பரப்பியாயிற்று. மிதிக்க வேண்டும். சும்மா நடந்து மிதிப்பதில் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம்தான் பொறுமை இருக்கும்? ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். அப்போதுதான் என்னிடம் வந்தாய்.

"ஒன் டீம எறக்குடி."

"எதுக்கு?"

"கபடிக்கு. நட்ட நடுவுல."

அடடா, அந்த ஆட்டம்! தண்ணீர் தெளித்த களியில் பாடிப் போனவளும் சறுக்கினாள், பிடிக்க வந்தவளும் சறுக்கினாள். கழுத்தில் விசிலோடு நீ நடுவர். கபடி தெரியாத நடுவர். விழுந்தவளுக்கும் ஒரு பாயின்ட் என்று சட்டம் வேறு போட்டாய்! நான் சண்டைக்கு வந்தேன். "விழுந்தாத்தாண்டி மண்ணு நல்லா அமுங்குது," என்றாய். ஓர் ஆட்டம் முடிந்ததும் கோட்டை அழித்துப் பக்கத்தில் போட்டாய். ஆட்டக்களம் ஊருணி முழுக்க நகர்ந்துகொண்டே போனது. முடிந்த இடத்தில் உன் குதிகாலை அழுத்திப் பார்ப்பாய். தடம் பதிந்தால் மறுபடியும் ஆட்டம். வேடிக்கை பார்க்க ஊர் திரண்டது. சத்தம் போட்ட அதே அம்மா, "ஏத்தா, எங்க தெருவுக்கு ஒரு டீம் கெடையாதா?" என்று சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார். கடைசியில் ஹெச்.எம்.மும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, முதல் தடவை பாடிப் போனபோதே மல்லாக்க விழுந்து ஒரு பாயின்ட் வாங்கினார்.

ஐப்பசியில் பெய்தது. தண்ணீர் நின்றது. பேட்ஜ் உன் சட்டையிலேயே இருந்தது.

போன வருடம் திருச்சி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது நீ நோயைப் பற்றிப் பேசவில்லை. "ஊருணி நெறஞ்சுருச்சாடி?" என்றுதான் கேட்டாய்.

"எங்க நெறையிறது? ஆழப்படுத்துறோம்னு மெஷின விட்டுக் களியப் பூராம் வழிச்சுக் கரையில கொட்டிட்டாங்க. நாம பண்ணுன அதே கூத்து."

இருமல் வரும்வரை சிரித்தாய். "அப்பறம் என்ன? விசில எடு." நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

எடுத்தேன். உன் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். இப்போது நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். இந்த வருட மாணவர் தலைவி யாழினியிடம் நம் கதையைச் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாட்ஸ்அப்பில் ஆட்டத் தேதிகளைப் போட்டுவிட்டாள்! விழுந்தவருக்கும் ஒரு பாயின்ட் என்ற உன் சட்டத்தை மாற்ற நான் எவ்வளவோ முயன்றேன். பிள்ளைகள் விடவில்லை. கரையில் கிடந்த களியை உள்ளே பரப்பி, ஆடி ஆடியே மிதித்து முடித்தார்கள்.

போன வாரம் மழை. நான் போகவில்லை, பயம். இன்று விடியும்போதுதான் போனேன். யாழினி எனக்கு முன்னால் வந்து கரையில் நின்றுகொண்டிருந்தாள், ஊருணியை நோக்கிக் கையை நீட்டினாள். நீ விட்டுவைத்த புங்கனின் வேரைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது.

"நெறஞ்சுருச்சுடி!" என்று கத்திவிட்டேன்.

"யார்கிட்ட சொல்றீங்க, அத்தை?"

"எங்க தலைவிகிட்ட."

விசில் என் கழுத்தில்தான் கிடக்கிறது. அடுத்த ஆட்டத்துக்கும் நான்தான் நடுவராம், பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். யோசித்துச் சொல்லச் சொன்னாயே, நான் இன்னும் பதிலே சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சம்மதம்.

இப்படிக்கு,
உன் துணைத் தலைவி
செல்வி