போர்டுக்குத் தெரியாத புராசசர்

தெர்மல் பேஸ்ட்டின் சாம்பல் கறை விரல் இடுக்கிலிருந்து இன்னும் போகவில்லை. புராசசர் மேல் அந்தப் பசையை எப்போதும் நீதான் தடவுவாய். நான் டார்ச் பிடிப்பேன். இந்த முறை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நானே தடவினேன்.

நீ இறந்த பிறகும், குமாரபாளையத்தில் நாம் இரண்டு தோழிகளாகத் தொடங்கிய சேலை டிசைன், கணினி சர்வீஸ் கடையை நான் மூடவில்லை. போன வாரம் உன் கணினி நின்றுபோனது. மதர்போர்டில் கெபாசிட்டர்கள் வீங்கி வெடித்திருந்தன. நீ வரைந்த சேலைக் கரைகள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைத் தறிக்கு அனுப்பும் கார்டு அந்தக் காலத்துப் போர்டில்தான் பொருந்தும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நீ வரைந்து முடித்த கரைக்காகச் செல்வராசு அண்ணனின் தறிகள் காத்து நின்றன.

"தறிய நிறுத்திப்போட்டு எத்தன நாளைக்கு சாமி உக்காந்திருக்கறது? நான் ஈரோட்டுல வேற டிசைன் பாத்துக்கட்டுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"கொஞ்சம் பொறுங்கண்ணா, ஓட்டிக் காட்டறேன்" என்றேன்.

சேலத்தில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி உன் புராசசர் உட்காரும் 775 சாக்கெட் உள்ள பழைய போர்டு ஒன்றைப் பிடித்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாக்கெட்டில் ஒரு ஊசிகூட வளையவில்லை. உன் புராசசர் கச்சிதமாக உட்கார்ந்தது. விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ராமை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன். அதே கறுப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் நாம் கடை தொடங்கிய புதிதில் நடந்தது நினைவுக்கு வந்தது. வேகமான புராசசர் ஒன்றை வாங்கிவந்து மாட்டினோம், இதே கதி. விற்றவரிடம் சண்டைக்குக் கிளம்பிய என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாய். "சாக்கெட்டுல உக்காந்துட்டாப் போதுமா புள்ள? அது யாருன்னு போர்டுக்குத் தெரியோணுமல்ல" என்றாய். அந்தப் போர்டு வந்த காலத்தில் அந்தப் புராசசர் வந்திருக்கவில்லை. போர்டுக்குத் தெரிந்த பழைய புராசசரைப் போட்டு எழுப்பி, போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற மென்பொருளைப் புதுப்பித்த பிறகுதான் புதியதை ஏற்றுக்கொண்டது.

இந்தச் சேலத்துப் போர்டுக்கும் உன் புராசசரைத் தெரியவில்லை. அதற்குத் தெரிந்த பழைய புராசசருக்கு இப்போது எங்கே போவது? நாம் சர்வீஸ் பார்க்கும் சங்ககிரி லாரி ஆபீஸ் கணினிக்குள் ஒன்று இருந்தது. போர்டையும் உன் புராசசரையும் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விஷயத்தைக் கேட்டதும் மேனேஜர் பதறினார். "எங்க பில்லெல்லாம் அதுக்குள்ளதானுங்க இருக்குது."

"பில்லு டிஸ்க்குல இருக்குதுங்க. எனக்குப் புராசசர் மட்டும் போதும். இங்கயே வேலைய முடிச்சு, திருப்பி மாட்டிக் குடுத்துட்டுத்தான் போவேன்."

அவர் யோசித்தார். பிறகு, "கூட ஒரு அம்மா வருவாங்களே, வரலீங்களா?" என்று கேட்டார்.

சொன்னேன். எழுந்துபோய் அவரே பிளக்கைப் பிடுங்கினார்.

அவர்கள் புராசசரை என் போர்டில் மாட்டி எழுப்பினேன். பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் போர்டு அவ்வளவுதான். யூபிஎஸ் இருந்தும் சுவிட்சுப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன். திரையில் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்தது. அணைத்து, உன் புராசசரை மாட்டி மறுபடி போட்டேன். அதன் பெயர் வெள்ளை எழுத்தில் வந்து நின்றது.

"வந்துருச்சுங்களா?" என்றார் மேனேஜர். தலையை ஆட்டிவிட்டு, அவர்கள் புராசசரைத் திருப்பி மாட்டிக் கொடுத்தேன்.

இன்று உன் கரை தறியில் ஏறியது. செல்வராசு அண்ணன் நெய்த துணியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அடுத்த சேலைக்கும் நீயே போட்டுக் குடு சாமி" என்றார். கரை வரைவது உன் வேலை, எனக்கு உன் அளவுக்கு வராது. வரைந்து பழகிக்கொள்கிறேன்.

கடையை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று உன் வீட்டுக்காரர் கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று நீ பிடித்த பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. அவசரப்பட்டுக் கிளம்பும்போதெல்லாம் அது என்னை உட்காரவைக்கிறது. பள்ளிபாளையத்திலிருந்து ஒருவர் போனில் பேசினார். இதைவிடப் பழைய கணினியாம், இரண்டு கடைகளில் கைவிரித்துவிட்டார்களாம். எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.