கரையேறிய ஆமைகள்

14 ஜூன் 1992, ஞாயிறு

வலையில் சிக்கும் ஆமைகளை ஏரியிலேயே விட்டுவிடும்படி மீனவர் ஏசுதாஸிடம் இரண்டு வருடமாகக் கெஞ்சி, ஒருவழியாக ஒத்துக்கொள்ள வைத்திருந்தேன். இன்று காலை அவரே என்னைத் தேடி வந்தார்.

"ஆமைங்க தானா கரையேறி வந்துகினு கீது சார்."

வெள்ளானூர் ஏரிக்கு ஓடினோம். பட்டப்பகலில் பதினோரு ஆமைகள் சாலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. இருவருமாகத் தூக்கித் தண்ணீரில் விட்டோம். விட்ட இடத்திலேயே திரும்பி மறுபடியும் ஏறின. என் கை முழங்கை வரை எரிந்தது. இப்போதும் எரிகிறது.

"இந்தத் தண்ணியத்தான் எங்க ஊட்ல குடிக்கிறோம்," என்றார் ஏசுதாஸ்.

பரிசோதிக்க ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். நான் பாடம் நடத்தும் கல்லூரியின் ஆய்வகம் நாளைதான் திறக்கும். அதுவரை யாரும் குடிக்க வேண்டாம் என்றேன்.

"அப்ப இன்னாத்த குடிக்கிறது சார்?"

பாட்டிலை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.