பின்னாலிருந்து படித்த ஜப்பான் கதை

மைனி,

காலையில் பெருங்கடவிளைக்கு மீன் கொண்டு போகிற வழியில், ஒரு வயலில் கிளி விரட்டுவதற்காக வீடியோ கேசட்டின் நாடாவைக் கம்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று பட்டதும் விர்ரென்று இரைந்தது. என்ன படமோ, இப்போது கிளிகளுக்கு ஓடுகிறது. கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. மூன்றாம் வகுப்புக்காரி எழுதுவது, பிழை இருக்கும். நீங்கள் மட்டும் என்ன, நாலாம் வகுப்புதானே.

அண்ணன் கப்பலில் இருந்து அந்தத் தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தது, என் வீட்டுக்காரர் போன வள்ளம் கவிழ்ந்த வருடம். கூடப் போன மூன்று பேர் நீந்தி வந்தார்கள். அவர் வரவில்லை, உடலும் வரவில்லை. நான் பாயில் சுருண்டு கிடந்தேன். நீங்கள் மத்தியானம் தோறும் அந்தப் புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் உட்காருவீர்கள். முழுக்கப் படம். கறுப்பு மையில் வாளும் தீயும் பேய்களும்.

"எழுத்து கொக்குக் காலு மாதிரி இருக்கு மைனி. எப்பிடி வாயிக்க?" என்று கேட்டேன்.

"எழுத்து கிடக்கட்டு மக்கா. முகத்தெப் பாரு. முகம் எல்லா நாட்டிலயும் ஒண்ணாக்கும்."

நீங்கள் விரல் வைத்துச் சொன்ன கதை இன்றைக்கும் வரிசையாக நினைவிருக்கிறது. பனியில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அடுத்த பக்கத்தில் எழுந்து உட்காருகிறான். உடம்பில் தைத்த அம்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. எரிந்த ஊர் குளிர்ந்து கூரைகள் முளைக்கின்றன. செத்த கூட்டாளிகள் ஏழு பேரும் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவனோடு சேருகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அவன் குழந்தையாகி அம்மையின் மடியில் கிடக்கிறான்.

"சாமி கதையாக்கும்" என்றீர்கள். நான் நம்பினேன். எவ்வளவு நம்பினேன் என்று உங்களுக்குத்தான் தெரியும். நவம்பரில் கோவிலில் இறந்தவர்களின் பெயர் வாசிப்பார்களே, இரண்டு நவம்பர் அவர் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றேன். "திரும்பி வாறவருக்கு எதுக்கு பூசை?" என்று பங்குச் சாமியாரிடமே கேட்டேன்.

அடுத்த தடவை அண்ணன் வந்தபோது கையில் கேசட் இருந்தது. "அந்தப் பழைய கதையெ இப்ப புதுசா படமா எடுத்திருக்கானுவ. வரஞ்ச படம் தான், ஆனா ஓடும். கலர்!" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து உங்கள் வீட்டில் போட்டோம். தெருப் பெண்கள் எல்லாம் வந்தார்கள். பக்கத்துச் செங்கல் ஊரில் இருந்து மலையாளம் பேசுகிற நாலைந்து பெண்களும் வந்தார்கள். படம் பேசுவது ஜப்பான் பாஷை. புத்தகத்தைப் பார்த்துத் தெருவுக்கே கதை சொன்ன ஆள் நீங்கள் என்பதால் டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உங்களை உட்கார வைத்தோம்.

படம் தொடங்கியது. ஒரு குழந்தை அம்மையின் மடியில் கிடந்தது.

எதிர்வீட்டு ரோசிலி கத்தினாள்: "எடீ, இது கடைசியில்லா! ஒங்க டெக்கு பின்னால நடக்குதா?" வீடே சிரித்தது. அண்ணன் புத்தகத்தைப் பிடுங்கி, மறுபக்கமாகத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஜப்பான்காரன் இந்தப் பக்கத்துல இருந்தாக்கும் வாயிப்பான். எனக்கு அது ஓர்மையில வரல்ல."

"ரெண்டு வருசமா எங்கள முட்டாளாக்கிட்டா பாத்தியா!" என்றாள் ரோசிலி.

உங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எழுந்து உள்ளே போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். நான் என்றால் போயிருப்பேன்.

"முட்டாளானது நானாக்கும் ரோசிலி. பின்னால இருந்து வாயிச்சிட்டேன். சிரிச்சு முடிச்சாச்சா? செரி, இனி நேராச் சொல்லுதேன், கேளுங்க."

சொன்னீர்கள். கூட்டாளிகளில் முதல் ஆள் விழுந்தபோது "செத்துப் போனான்" என்றீர்கள். செங்கல்காரிகளுக்காக "மரிச்சு" என்றீர்கள். ஒவ்வொரு சாவையும் நான் இரண்டு தடவை கேட்டேன். புத்தகத்தில் கறுப்பாக இருந்த ரத்தம் படத்தில் சிவப்பாக இருந்தது. ஐந்தாவது ஆள் விழுந்தபோது உங்கள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"மாத்திச் சொல்லுங்க மைனி. ஆருக்குத் தெரியப் போவுது?"

நீங்கள் குனிந்து என் காதில் சொன்னீர்கள்: "எனக்குத் தெரியும் மக்கா. ரெண்டு வருசம் தெரியாம ஒன்னெ ஏமாத்திட்டேன். தெரிஞ்சு செய்ய மாட்டேன். நீ தாங்குவ."

கடைசியில் அவன் பனியில் விழுந்தான். விழுந்தவன் எழும்பவில்லை. பனி பெய்து மூடியது. "செத்துப் போனான். மரிச்சு." இரண்டையும் சொல்லி முடித்தீர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ரோசிலிதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

மறுநாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போய் அவர் பெயரைக் கொடுத்தேன். அந்த நவம்பரில் பெயரை வாசித்தபோது வாய்விட்டு அழுதேன். அதற்குப் பிறகுதான் கூடையைத் தூக்கினேன், ஊர் ஊராக நடந்தேன், இதோ நிற்கிறேன்.

எங்கள் தெருவில் மகன் துபாயில் இருக்கிறான், மகள் பரீட்சையில் ஜெயித்தாள் என்று பெருமை பேசுவார்கள். என் முறை வரும்போது நான் உங்களைச் சொல்வேன். தெரியாத பாஷைப் படத்தை இரண்டு பாஷையில் சொன்னவள் என் மைனி. தெருவே சிரித்தபோது, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள். படித்தவர்களில் எத்தனை பேருக்கு அது வரும்?

இந்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோன அன்று, நெய்யாற்றின்கரை ஹாஸ்டலில் இருந்து உங்கள் மகளைக் கூட்டிவந்தார்கள். சுகமில்லை என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "அத்தெ, அம்மைக்கு நோவு கொறஞ்சுதா?" என்று கேட்டாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மக்கா, அம்ம ஒறங்குதா" என்றாள் ரோசிலி.

நான் முன்னால் போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தேன். "ஒறங்கல்ல மக்கா. அம்ம இண்ணைக்கு காலத்த செத்துப் போனா."

என் முகத்தையே பார்த்தாள். விழவில்லை. அப்படியே கையைப் பிடித்து நடத்தி, உங்களிடம் கொண்டுவந்தேன்.