ஞானஸ்நானம் ஆகாதவள்

பிப்ரவரி 4
துறைமுகத் தெருவில் இரட்டைப் பிரசவம் பார்த்தேன். தாய் நலம். திரும்பும்போது சந்தையில் பேரரசரின் ஆணையை வாசித்தார்கள். கார்த்தேஜில் எல்லாரும் தெய்வங்களுக்குத் தூபமிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம்.

பிப்ரவரி 9
கத்துலீனுஸ் காலையிலேயே போய்த் தூபமிட்டு வந்துவிட்டார். என் கணவர். ஞானஸ்நானம் வாங்கிப் பதினோரு வருடம். என்னைச் சபைக்கு அழைத்துப் போனவரே அவர்தான். நான் இன்னும் வேதம் கேட்டுப் படிக்கிறவள். வருகிற பாஸ்காவுக்குத்தான், உயிர்ப்புப் பெருநாளுக்குத்தான், எனக்கு ஞானஸ்நானம்.
"கைதான் போட்டுச்சு, மனசு போடல" என்றார். சாப்பிடவில்லை.

பிப்ரவரி 10
"உனக்கென்ன கஷ்டம் வெஸ்டியா? நீ இன்னும் ஞானஸ்நானத் தண்ணில முழுகவே இல்ல. கிறிஸ்தவள் இல்லைன்னு சொன்னா அது பொய்யே இல்ல" என்றார் அவர்.
சரிதான். ஆனால் பிரசவ வீடுகளில் பேறுகாலத் தெய்வம் யூனோவுக்கு விளக்கேற்ற மாட்டேன் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அதனால் பாதி வீடுகள் என்னைக் கூப்பிடுவதே இல்லை. அப்படிச் சொன்னது யார் — நான் இல்லையா?

பிப்ரவரி 12
தூபமிடும் இடத்துக்குப் போனேன். அங்கே சான்றிதழ் எழுதும் எழுத்தர் தெரிந்தவர். அவர் மனைவிக்குப் பிரசவம் பார்த்திருக்கிறேன். "அக்கா, உங்க பேரு கிறிஸ்தவங்க பட்டியல்லயே இல்ல. ஒரு சிட்டிகை தூபம் போட்டுட்டுக் கிளம்புங்க. வரிசை நிக்குது."
எடுத்தேன். நெருப்பருகே கொண்டும் போனேன். பிறகு கிண்ணத்திலேயே திரும்பப் போட்டேன்.
"நான் கிறிஸ்தவள்."
"இன்னும் ஆகலைன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே?"
"எனக்கும் இப்பதான் தெரிஞ்சுது."
சிறையில் எழுதுகிறேன். பயமாத்தான் இருக்கு.

மார்ச் 3
கத்துலீனுஸ் தினமும் சிறை வாசலில் ரொட்டி கொடுத்தனுப்புகிறார். உள்ளே வருவதில்லை.

ஏப்ரல் 7
பாஸ்கா. இங்கே குடிக்கவே தண்ணீர் இல்லை.
பக்கத்தில் இருக்கும் தையற்காரி நினா சொன்னாள்: "நீ செத்தா அந்த ரத்தமே ஞானஸ்நானமாம்."
"சாகலைன்னா?"
இருவரும் சிரித்துவிட்டோம்.

டிசம்பர் 8
போன வாரம் விடுவித்தார்கள். காரணம் சொல்லவில்லை. இன்று சபை கூடியது. விலங்கு பதிந்த என் கைகளை எல்லாரும் முத்தமிட்டார்கள். பிறகு, திருவிருந்துக்கு அப்பம் பிட்கும் முன், ஞானஸ்நானம் ஆகாதவர்களை மூப்பர் வழக்கம்போல் வெளியே போகச் சொன்னார். "பாஸ்கா வரைக்கும் பொறும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.
வெளியே வந்தேன். சுவரோரம் கத்துலீனுஸ் நின்றிருந்தார். தூபமிட்டவர்களை உள்ளே விடுவதில்லை. காற்றுப் படாத பக்கத்தை எனக்கு விட்டு அவர் நகர்ந்தார். அங்கே போய் நின்றேன்.