ஒளிராத தண்ணீரைக் குடிக்கச் சொன்ன அறிவிப்பு

அனுப்புநர்:
ஆய்வக உதவியாளர், வேதியியல் ஆய்வுக்கூடம்.
வீடு: மேல்நிலைத் தொட்டித் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: நல்ல கிணற்றுக்கு வைத்த சீலை அகற்றி, பாதரசம் கலந்த தொட்டியை இன்றே மூடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புமிகு ஐயா,

1. தண்ணீரில் பாதரசம் இருக்கிறதா என்று காட்டும் ஒளிர்தாள்களைத் தயாரிப்பது என் வேலை. தாளில் பூசிய மருந்து, புறஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். பாதரசம் பட்டால் அந்த ஒளி அணைந்துவிடும். ஒளிர்ந்தால் நல்ல தண்ணீர். இருண்டால் கெட்ட தண்ணீர். இதைத் தாங்கள் இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன்.

2. தொட்டிக்குப் பின்புறம், உள்ளே பாதரசம் இருக்கும் பழைய குழல்விளக்குகளை உடைக்கும் பட்டறை வந்ததால் தெருவில் புகார் எழுந்து, தங்கள் அலுவலகம் எங்களிடம் ஒன்பது தாள்கள் வாங்கியது. கொடுத்தவன் நான். வாங்க வந்த தங்கள் அலுவலக ஆய்வாளரிடம், "தண்ணியில முக்கி எடுத்து இந்த விளக்க அடிங்க சார், வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்" என்றேன். எது நல்லது, எது கெட்டது என்று சொல்லவில்லை. எங்களுக்கு அது அரிச்சுவடி என்பதால் சொல்லத் தோன்றவில்லை. தவறு என்னுடையது, மறைக்க விரும்பவில்லை.

3. எட்டுத் தாள்களைத் தொட்டிக் குழாய்களில் நனைத்தார்கள். எட்டும் இருண்டன. தெருக்கோடிக் கிணற்றில் நனைத்த ஒன்பதாவது தாள் நீலமாக ஒளிர்ந்தது. மறுநாளே கிணற்றுக்குச் சீல் வைத்து, தொட்டி நீர் தூயது, அனைவரும் அதையே பயன்படுத்தவும் என்று அறிவிப்பும் ஒட்டிவிட்டார்கள். தங்கள் அலுவலகம் இவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கி நான் பார்த்ததில்லை.

4. என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அதுவரை கிணற்று நீரைத்தான் குடித்தோம். அறிவிப்பைப் படித்தும் அவள் தயங்கினாள். "அந்தத் தாளைச் செஞ்சவனே நான்தாம்மா, தைரியமா குடி" என்றேன். இரண்டு வாரம் கழித்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது என்றாள். மாசமாக இருக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் நானே சமாதானம் சொன்னேன்.

5. முந்தாநாள் அந்தத் தாள்கள் கோப்பில் சேர்ப்பதற்காக எங்கள் கூடத்துக்குத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் வைத்தேன். தொட்டி என்று எழுதிய எட்டிலும் ஒளி இல்லை. அன்று மாலையே எங்கள் பேராசிரியர் என் வீட்டுக் குழாய் நீரைக் கருவியில் அளந்தார். பாதரசம், அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் பதினொரு மடங்கு. அவர் கையெழுத்திட்ட அறிக்கை இணைப்பில் உள்ளது.

6. ஆய்வாளரிடம் ஓடினேன். "விஷம்னா மின்னத்தானே செய்யும்? மின்னாத தண்ணிய எப்படி சார் மூடுறது? கையெழுத்தும் ஆயிடுச்சே" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை எழுதும் இந்த நேரத்திலும் தெருவே குடங்களுடன் தொட்டியடியில் வரிசையில் நிற்கிறது. வேண்டாம் என்றால் சுவரில் இருக்கும் தங்கள் அறிவிப்பைக் காட்டுகிறார்கள். சிலர் காய்ச்சிக் குடிக்கிறார்கள். காய்ச்சினால் பாதரச உப்பு போகாது.

ஆகவே ஐயா, தொட்டியை உடனே மூடி, கிணற்றின் சீலை அகற்றி, தெருவாசிகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில். என் மீது எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் கட்டுப்படுகிறேன். அதற்காக இது ஒரு நாள்கூடத் தள்ளிப்போக வேண்டாம்.

முந்தாநாள் முதல் வீட்டுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து தண்ணீர் சுமந்து வருகிறேன். ஏன் என்று மனைவிக்குச் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது ஐயா. எங்கள் வீட்டில் தபாலைப் பிரிப்பவள் அவள்தான். தங்கள் பதிலை வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். கிணறு திறந்தாயிற்று என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும். மற்றதை நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: சீல் வைத்த இருபத்து மூன்றாம் நாள்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஆய்வக உதவியாளர்

இணைப்பு: ஒளிர்தாள்கள் 9, நீர்ப் பரிசோதனை அறிக்கை 1