வயதுக்குப் பக்கத்தில் ஒரு முகம்

வெள்ளிக்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு

ஊரில் யாராவது இறந்தால் பள்ளிவாசலின் இணையப் பக்கத்தில் ஜனாஸா அறிவித்தல் போடுவது நான்தான். இன்று ரபீக் நானாவின் வாப்பாவுக்குப் போட்டேன். பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் 'வயது 78' என்று அடித்தேன். கடைசி எட்டையும் அடைப்புக்குறியையும் சேர்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கும் முகமாக அந்தப் பக்கத்தின் எழுதும் பெட்டி தானாகவே மாற்றியிருக்கிறது. நான் பார்க்காமல் ஏற்றிவிட்டேன்.

ரபீக் நானா போனில் கோல் எடுத்தார். "எங்கட வாப்பா மௌத்தானது ஒனக்குப் பகிடியா தம்பி?"

உடனே திருத்தினேன். அதற்குள் அந்த அறிவித்தல் மாம்புரி ஊர் வரைக்கும் போய்விட்டது. மையவாடியில் அடக்கம் முடிந்ததும் அவருக்குச் சலாம் சொன்னேன். வாயால் பதில் சொன்னார், கை தரவில்லை.

மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பப் பயமாக இருக்கிறது. கடைசிப் புள்ளியை இந்தப் பெட்டி என்னவாக மாற்றுமோ.