முதல்நாளே எழுதிய தீர்மானம்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகம், மனசுதான் ஒரு வாரமாகச் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? புதுக் கண்ணாடி போட்ட நாளிலிருந்து உன் அம்மா என் தையலில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் கண்ணுக்கும் தப்பிய குற்றம் ஒன்று இருக்கிறது, அதை உனக்கு எழுதவே கை கூசுகிறது.

நான் கிளைச் செயலாளர் என்பதால் கட்சியின் தீர்மான நோட்டு என்னிடம்தானே இருக்கிறது. கூட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று முதல்நாளே கடையில் உட்கார்ந்து "ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதி எடுத்துப்போவது என் பழக்கம், இத்தனை வருஷத்தில் யாரும் எதிர்த்ததில்லை. அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்காதவன் செய்த வேலை இது. நீ பிறந்தாயே, அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மாற்ற மேலிடம் நம் கிளையின் ஒப்புதலைக் கேட்டது. பஸ் டிரைவர் மாமா ஒருவர்தான் எழுந்து கை தூக்கினார், இடுப்புவலி எடுத்தவள் அந்த ரோட்டை எப்படித் தாண்டுவாள் என்று கேட்டார். எதிரே மாவட்டச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். எழுதியதை அடிக்காமல் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் இந்த வார்டில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

மாமா கடைக்கு வந்தார், சண்டை போடவில்லை. நம்மள யாரும் ஒரு ஆளா மதிக்கலைன்னுதானே இங்க கட்சி ஆரம்பிச்சோம், இப்ப நீயே என்னைக் கணக்குல விட்டுட்டியேன்னு கேட்டுவிட்டு, தைக்கக் கொடுத்த யூனிஃபார்ம் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கட்சி எதுக்குப்பா என்று சின்ன வயசில் நீ கேட்டாய். குடிதண்ணீர்க் குழாய்க்குத் தனித்தனியாக மனுக் கொடுத்தபோது நாளைக்கு வா என்று விரட்டினார்கள், ஒன்றாகச் சேர்ந்து தேர்தலில் நின்ற பிறகு உட்கார நாற்காலி போட்டார்கள், நம் பேச்சை மேலே கொண்டுபோகத்தான் கட்சி என்று மார்தட்டிச் சொன்னேன். அதே வாயை வைத்துக்கொண்டு மேலிடத்தின் பேச்சைக் கீழே இறக்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறதம்மா.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். எல்லோர் முன்னாலும் அந்த வரியை அடித்து, ஒருவர் எதிர்த்தார் என்று எழுதப்போகிறேன், என் கையையும் தூக்கப்போகிறேன், பதவி போனால் போகட்டும். அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ போனில் உளறிவிடாதே. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. இருவரும் நோய்நொடியில்லாமல், யார் முன்னாலும் தலைகுனியாமல் நன்றாக இருங்கள்.

மாமா மறுபடி துணி கொண்டுவருவாரா, தெரியவில்லை. அவர் பழைய அளவு என் தையல் நோட்டில் இருக்கிறது. இருந்தாலும், வந்தால் புதிதாக அளவெடுப்பேன்.

உன் அப்பா